இரண்டு வாக்கியங்களைச் சேர்ப்பது எப்படி? ஆங்கில இலக்கணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போட்டித் தேர்வு எழுதுபவர்கள், அலுவலகத்தில் கடிதம் எழுத வேண்டியவர்கள், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டும் பெற்றோர் என்று பலரும் வருகிறார்கள். காலம், எழுவாய் எல்லாம் ஓரளவு பிடிபட்ட பிறகு எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு சேர்ப்பது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில எடுத்துக்காட்டுகளும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டுப் படித்தால் காது பிடித்துக்கொள்ளும்.

கிளாஸ் (clause), ஃப்ரேஸ் (phrase) என்கிறார்கள். இரண்டும் சொற்கூட்டம்தானே, எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

உள்ளே ஒரு எழுவாயும் அதற்கேற்ற வினைமுற்றும் இருந்தால் கிளாஸ், இல்லாவிட்டால் ஃப்ரேஸ். "ஆஃப்டர் தி ரெயின்" என்பதில் வினையே இல்லை, அது ஃப்ரேஸ். "ஆஃப்டர் தி ரெயின் ஸ்டாப்டு" என்றால் 'ஸ்டாப்டு' என்ற வினைமுற்று வந்துவிட்டது, அது கிளாஸ்.

கிளாஸிலும் இரண்டு உண்டு. "தி ரெயின் ஸ்டாப்டு" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்குச் செய்தி முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. இது முதன்மை கிளாஸ். முன்னால் 'ஆஃப்டர்' சேர்த்ததும் "சரி, நின்ற பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்கத் தோன்றுகிறது. இது துணை கிளாஸ். தனித்து நிற்காது.

'கோயிங்', 'டு கோ' எல்லாம் வினைதானே? எதை வினைமுற்று என்று எடுத்துக்கொள்வது?

வாக்கியத்தை நேற்றைக்கு மாற்றிப் பாருங்கள். எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுதான் வினைமுற்று. "ஷி வான்ட்ஸ் டு லேர்ன் டிரைவிங்" என்பதை நேற்றைக்கு மாற்றினால் "ஷி வான்டட் டு லேர்ன் டிரைவிங்" ஆகிறது. மாறியது 'வான்ட்ஸ்' மட்டும்தான். 'டு லேர்ன்', 'டிரைவிங்' இரண்டும் அசையவில்லை. ஆகவே அந்த வாக்கியத்தில் முற்று ஒன்று, கிளாஸ் ஒன்று.

துணைவினைகள் வரிசையாக வந்தால் மொத்தத்தையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். "ஹி ஹாஸ் பீன் வெயிட்டிங்" என்பதில் மூன்று வினைச்சொல் இருந்தாலும் முற்று ஒன்றுதான்.

தமிழில் இந்த இணைப்புச் சொல் தொல்லையே இல்லையே. ஆங்கிலத்தில் மட்டும் ஏன்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். "காலையில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் பிடித்து, பத்து மணிக்கு அலுவலகம் போனேன்." இதில் ஐந்து செயல்கள் இருக்கின்றன, முற்று ஒன்றே ஒன்று. மற்ற நான்கும் வினையெச்சங்கள். அடுத்த வினையோடு சேரும் வேலையை எச்சத்தின் விகுதியே செய்துவிடுகிறது. 'மழை பெய்ததால்', 'மழை பெய்தால்', 'மழை பெய்தாலும்', 'மழை பெய்தபோது' என்று காரணம், நிபந்தனை, முரண், நேரம் எல்லாம் வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆங்கிலத்திலும் 'ஐ.என்.ஜி.' சேர்த்து எச்சம்போல ஆக்கும் வழி உண்டு. ஆனால் அதன் வழக்கமான போக்கு வேறு. வினையை முற்றாகவே விட்டுவிட்டு, இணைக்கும் வேலையைத் தனிச்சொல் ஒன்றிடம் கொடுத்துவிடும். 'பெய்ததால்' என்ற ஒரே சொல் அங்கே "பிகாஸ் இட் ரெயின்ட்" ஆகிறது.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. முற்றுகளை எண்ணுங்கள், எத்தனை முற்றோ அத்தனை கிளாஸ். இணைப்புச் சொற்கள் அதைவிட ஒன்று குறைவாக இருக்க வேண்டும். இரண்டு முற்றுக்கு ஓர் இணைப்பு, மூன்று முற்றுக்கு இரண்டு. 'ஐதர்–ஆர்', 'நாட் ஒன்லி–பட் ஆல்சோ', 'இஃப்–தென்' போன்ற இணைகளை ஒன்றாகக் கணக்கிட வேண்டும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்தக் கணக்கே போதும்.

சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்பவை தமிழ் வகுப்பில் படித்த தனிவாக்கியம், தொடர்வாக்கியம், கலவை வாக்கியம்தானே?

முதலாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒத்துப்போகும். நடுவில் இருப்பதுதான் காலை வாரிவிடும். நம் பள்ளி இலக்கணத்தில் ஓர் எழுவாய் பல பயனிலைகளைப் பெற்றால் அது தொடர்வாக்கியம்: "முருகன் கடைக்குச் சென்றான், காய் வாங்கினான், வீடு திரும்பினான்." ஆங்கிலத்தில் காம்பவுண்ட் என்றால், தனித்து நிற்கக்கூடிய இரண்டு முதன்மை கிளாஸ்கள் சமமாக இணைந்திருக்க வேண்டும்: "முருகன் வென்ட் டு தி ஷாப், பட் இட் வாஸ் க்ளோஸ்டு."

ஒரு முதன்மை கிளாஸ் மட்டும் இருந்தால் சிம்பிள். முதன்மையோடு துணை கிளாஸ் சேர்ந்தால் காம்ப்ளெக்ஸ். 'அண்ட்' கண்ணில் பட்டதும் காம்பவுண்ட் என்று எழுதிவிடாதீர்கள். "மாலா அண்ட் கீதா வென்ட் டு ஸ்கூல்" என்பதில் முற்று ஒன்றுதான், அது சிம்பிள்.

சிம்பிள் என்றால் சின்ன வாக்கியம் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. "பிர்ட்ஸ் ஃப்ளை பிகாஸ் தே ஹாவ் விங்ஸ்" ஆறே சொல், ஆனால் காம்ப்ளெக்ஸ். "ஆஃப்டர் எ லாங் ஜர்னி ஃப்ரம் சென்னை டு டெல்லி பை டிரெயின் வித் டூ ஸ்மால் சில்ட்ரன், ஷி ஸ்லெப்ட்" பதினாறு சொற்கள், ஆனால் சிம்பிள்.

இணைப்புச் சொற்கள் பட்டியல் பட்டியலாகக் கொடுக்கிறார்கள். மனப்பாடம் செய்யவே முடியவில்லை. சுருக்குவழி ஏதும் உண்டா?

மனப்பாடம் செய்ய வேண்டியவை ஏழுதான்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ. இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபேன்பாய்ஸ்' என்று உலகெங்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இவை சமமாக இணைப்பவை, சேர்த்தால் காம்பவுண்ட். மற்றபடி பிகாஸ், ஆல்தோ, இஃப், வென், அன்லெஸ், சின்ஸ், வைல், அன்டில் போன்றவை எல்லாம் துணை கிளாஸை உண்டாக்குபவை, சேர்த்தால் காம்ப்ளெக்ஸ்.

எது எந்தக் குடும்பம் என்று சந்தேகம் வந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். "வீ ஸ்டேய்ட் அட் ஹோம் பிகாஸ் இட் ரெயின்ட்" என்பதில் பின்பாதியை அப்படியே தூக்கி முன்னால் வைக்கலாம்: "பிகாஸ் இட் ரெயின்ட், வீ ஸ்டேய்ட் அட் ஹோம்." ஆனால் "இட் ரெயின்ட், சோ வீ ஸ்டேய்ட் அட் ஹோம்" என்பதில் 'சோ' பகுதியை முன்னால் கொண்டுபோனால் வாக்கியம் உடைந்துவிடும். முன்னுக்குப் போகிறது என்றால் துணை கிளாஸ். போக மறுத்தால் அந்த ஏழில் ஒன்று.

மூன்றாவது குடும்பம் ஒன்று இருக்கிறது: ஹவெவர், தேர்ஃபோர், மோர்ஓவர். இவை பொருளில் இணைப்பவை, இலக்கணத்தில் அல்ல. இங்கே கிளாஸ் நகராது, சொல் மட்டும் நகரும். "ஹவெவர், தி டாக்டர் கேம்", "தி டாக்டர், ஹவெவர், கேம்", "தி டாக்டர் கேம், ஹவெவர்" மூன்றும் சரி. 'பட்' என்ற சொல்லை இப்படி உலவவிட்டுப் பாருங்கள், முடியாது.

'ஆல்தோ' போட்டால் 'பட்' போடக்கூடாதாமே? போடாவிட்டால் வாக்கியம் மொட்டையாக இருக்கிறதே?

"ஆல்தோ ஹி இஸ் ரிச், பட் ஹி இஸ் நாட் ஹாப்பி." முற்றுகளை எண்ணுங்கள்: 'இஸ்', 'இஸ்'. இரண்டு. இணைப்புச் சொற்கள்: 'ஆல்தோ', 'பட்'. இதுவும் இரண்டு. கணக்குப்படி ஒன்றுதான் இருக்க வேண்டும். எதை எடுத்தாலும் சரிதான். 'பட்' போனால் காம்ப்ளெக்ஸ், 'ஆல்தோ' போனால் காம்பவுண்ட்.

மொட்டையாகத் தோன்றுவது நம் காதின் பழக்கம். "என்னதான் பணக்காரராக இருந்தாலும்" என்று முன்னும் பின்னும் அழுத்திச் சொல்லிப் பழகியவர்கள் நாம். இது தமிழர்களுக்கு மட்டும் உரிய தவறும் அல்ல. சீன மொழியில் இந்த இடத்தில் இரண்டு இணைப்புச் சொற்களைச் சோடியாகப் போடுவதுதான் வழக்கம். அவர்களும் ஆங்கிலம் எழுதும்போது இதே இடத்தில் சறுக்குகிறார்கள். "பிகாஸ் … சோ", "ஆஸ் … சோ" சோடிகளுக்கும் இதே பதில்தான்.

ஆனால் பைபிளில் 'தோ … யெட்' என்று சேர்ந்தே வருகிறதே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் யோபு 13:15: "தோ ஹி ஸ்லே மி, யெட் வில் ஐ டிரஸ்ட் இன் ஹிம்." இந்த 'யெட்' அந்த ஏழில் ஒன்றாக வேலை செய்யவில்லை. 'அப்போதும்கூட' என்று அழுத்தம் கொடுக்கும் சொல்லாக நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் இது சாதாரணம், இன்றும் தவறென்று யாரும் அடிக்கமாட்டார்கள். ஆனால் 'பட்' என்ற சொல்லுக்கு இந்தச் சலுகை கிடையாது.

'பிகாஸ்' என்று வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். உண்மையா?

அப்படி ஒரு விதி இல்லை. மேலே "பிகாஸ் இட் ரெயின்ட், வீ ஸ்டேய்ட் அட் ஹோம்" என்று நானே தொடங்கியிருக்கிறேன். தொடங்கலாம், அங்கேயே முற்றுப்புள்ளி வைத்து முடித்துவிடக் கூடாது. "ஒய் வேர் யூ லேட்?" என்று கேட்டால் "பிகாஸ் ஐ மிஸ்டு தி பஸ்" என்று பேச்சில் பதில் சொல்வது இயல்பு. தேர்வுத் தாளில் அதையே தனி வாக்கியமாக எழுதினால் பாதி வாக்கியம்தான். குழந்தைகள் அப்படி எழுதிவிடுவார்களே என்று பயந்து ஆசிரியர்கள் 'பிகாஸ்' பக்கமே போகாதே என்று வேலி கட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் எல்லோரும் எழுதியிருக்கும் விடுப்புக் கடிதத்திலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் ஸ்கூல்" என்பது சரி. 'ஃபீவர்' என்ற சொல்லுக்குப் பிறகு முற்றுப்புள்ளி வைத்து "சோ ஐ ரெக்வெஸ்ட் யூ" என்று புதிதாகத் தொடங்கினால், முதல் பாதி எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கும்.

'அண்ட்', 'பட்' கொண்டு தொடங்குவதற்கும் தடை இல்லை. அதே கிங் ஜேம்ஸ் பைபிளில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் பெரும்பாலான வசனங்கள் 'அண்ட்' என்றுதான் தொடங்குகின்றன. அலுவலகக் கடிதத்தில் அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

'ஹவெவர்' என்பதும் 'பட்' என்பதும் ஒரே பொருள்தானே? ஒன்றுக்குக் கமா சரி, இன்னொன்றுக்குத் தவறு என்றால் எப்படி?

பொருள் ஒன்று, குடும்பம் வேறு. "தி பஸ் வாஸ் லேட், பட் வீ ரீச்டு ஆன் டைம்" சரி. "தி பஸ் வாஸ் லேட், ஹவெவர், வீ ரீச்டு ஆன் டைம்" தவறு. 'ஹவெவர்' இணைப்புச் சொல் அல்ல என்று முன்பே பார்த்தோம். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இரண்டு முற்று இருக்கிறது, இணைப்பு ஒன்றுமே இல்லை. வெறும் கமாவுக்கு இரண்டு முதன்மை கிளாஸ்களைப் பிடித்துவைக்கும் வலு கிடையாது. 'லேட்' என்ற சொல்லுக்குப் பிறகு முற்றுப்புள்ளி வைக்கலாம், அல்லது அரைப்புள்ளி வைக்கலாம். அரைப்புள்ளியைக் கணக்கில் ஓர் இணைப்புச் சொல்லுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாம்.

"ஐ கேம், ஐ சா, ஐ காங்கர்ட்" கமாவோடுதானே இருக்கிறது என்று ஒரு மாணவர் மடக்கினார். ஜூலியஸ் சீசர் லத்தீனில் சொன்னதாக வழங்கும் வாசகம் அது. மிகச் சிறிய, ஒரே அச்சில் வார்த்த கிளாஸ்கள் வரிசையாக வரும்போது ஆங்கிலம் கமாவைப் பொறுத்துக்கொள்கிறது. விண்ணப்பத்தில் முயற்சி செய்ய வேண்டாம்.

மழை நாளைக்குத்தானே பெய்யப்போகிறது? 'இஃப் இட் வில் ரெயின்' ஏன் தவறு?

தமிழிலேயே பாருங்கள். "நாளை மழை பெய்தால் ஆட்டம் ரத்தாகும்" என்கிறோம். 'பெய்தால்' என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? எதிர்காலத்தை 'ரத்தாகும்' சொல்லிவிடுகிறது. ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது: "இஃப் இட் ரெயின்ஸ், தி மேட்ச் வில் பி கான்சல்டு." 'வில்' முதன்மை கிளாஸுக்குப் போய்விடும், நிபந்தனை, நேரம் சொல்லும் துணை கிளாஸில் நிகழ்காலம் போதும். வென், அன்டில், ஆஃப்டர், ஆஸ் சூன் ஆஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இரண்டு விலக்குகள். "ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்" சரி, ஏனென்றால் அங்கே 'இஃப்' நிபந்தனை சொல்லவில்லை; 'வருவாரா என்று' என்னும் பொருளில் நிற்கிறது. "இஃப் யூ வில் வெயிட் எ மினிட்" என்பதும் சரி. அங்கே 'வில்' காலத்தைக் காட்டவில்லை, தயவுசெய்து காத்திருக்க முடியுமா என்ற பணிவைக் காட்டுகிறது.

'அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி, யூ வில் ஃபெயில்' என்று எழுதினேன். அடித்துவிட்டார்கள்.

'அன்லெஸ்' என்பதிலேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது. "அன்லெஸ் யூ ஸ்டடி" போதும். நீங்கள் எழுதியது 'படிக்காமல் இருந்தாலொழிய தோற்றுப்போவாய்' என்று தலைகீழாகிவிட்டது.

'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்பதில் என்ன தவறு? எல்லோரும் அப்படித்தானே பேசுகிறார்கள்?

தமிழில் ஒரு கேள்வியை அப்படியே எடுத்து, பின்னால் 'என்று' சேர்த்தால் வேலை முடிந்தது: "அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை." கேள்வியின் உருவம் மாறுவதில்லை. அதே பழக்கத்தில்தான் "வேர் இஸ் ஹி" என்ற கேள்வியையும் உருமாற்றாமல் ஒட்டவைக்கிறோம். ஆங்கிலத்தில் கேள்வி துணை கிளாஸாகப் போய் உட்கார்ந்ததும் சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்ப வேண்டும்: "ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்." 'டூ', 'டஸ்', 'டிட்' துணைவினைகளும் காணாமல்போகும்: "டெல் மி வாட் யூ வான்ட்."

கடைசியில் கேள்விக்குறி வருமா என்பதை முதன்மை கிளாஸ்தான் முடிவு செய்யும். "ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்" என்பதற்கு முற்றுப்புள்ளி. "டூ யூ நோ வேர் ஹி இஸ்?" என்பதற்குக் கேள்விக்குறி. பேச்சில் யாரும் உங்களைப் பிடித்துக் கேட்கப்போவதில்லை. எழுத்தில் உடனே கண்ணை உறுத்தும்.

'ஹூ', 'விச்' வைத்து எழுதும்போது வாக்கியம் குழம்பிவிடுகிறது. எங்கே வைப்பது?

நமக்கு இது பெயரெச்சம். 'நேற்று நான் வாங்கிய புத்தகம்' என்பதில் விளக்கம் முன்னால், பெயர் பின்னால். ஆங்கிலத்தில் நேரெதிர்: பெயர் முன்னால், விளக்கம் பின்னால். "தி புக் விச் ஐ பாட் யெஸ்டர்டே இஸ் மிஸ்ஸிங்." பெயரைச் சொன்ன கையோடு 'ஹூ' அல்லது 'விச்' வைத்துவிடுங்கள். அதிகம் பார்க்கும் தவறு "தி புக் விச் ஐ பாட் இட்" என்று 'இட்' சேர்ப்பது. அந்த இடத்தை 'விச்' ஏற்கெனவே பிடித்துக்கொண்டது.

இங்கே கமா பொருளையே மாற்றும். "மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் எ டாக்டர்" என்றால் எனக்குப் பல சகோதரர்கள், மதுரைக்காரர் மருத்துவர். 'ஹூ' முன்னாலும் 'மதுரை' பின்னாலும் கமா வைத்தால் எனக்கு ஒரே சகோதரர். மதுரையில் இருக்கிறார் என்பது கொசுறுச் செய்தி. கமா வைத்து எழுதும்போது 'தட்' போடக்கூடாது. 'ஹூ' அல்லது 'விச்' மட்டுமே.

ஒரே வாக்கியத்தை மூன்று வகையாகவும் மாற்றச் சொல்கிறார்கள். எப்படி அணுகுவது?

பத்தாம் வகுப்பிலிருந்து போட்டித் தேர்வு வரை விடாமல் துரத்தும் கேள்வி. முதலில் இரண்டு செய்திகளுக்கும் என்ன உறவு என்று பாருங்கள்: முரணா, காரணமா, நேரமா, நிபந்தனையா? பிறகு, சிம்பிள் கேட்டால் ஒரு முற்றைக் கொன்றுவிட வேண்டும். காம்பவுண்ட் கேட்டால் அந்த ஏழில் ஒன்று. காம்ப்ளெக்ஸ் கேட்டால் துணை கிளாஸ்.

முரண் என்றால்: "ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்" காம்பவுண்ட். "தோ ஹி இஸ் புவர், ஹி இஸ் ஆனஸ்ட்" காம்ப்ளெக்ஸ். "டிஸ்பைட் பீயிங் புவர், ஹி இஸ் ஆனஸ்ட்" சிம்பிள். 'டிஸ்பைட்' அருகில் முற்று வரவே கூடாது. "டிஸ்பைட் ஹி இஸ் புவர்" தவறு. 'டிஸ்பைட் ஆஃப்' என்பதும் தவறு. 'ஆஃப்' வேண்டுமென்றால் 'இன் ஸ்பைட் ஆஃப்' என்று போடுங்கள். நேரம் என்றால்: "ஆன் சீயிங் தி போலீஸ், தி தீஃப் ரேன் அவே" சிம்பிள், "ஆஸ் சூன் ஆஸ் தி தீஃப் சா தி போலீஸ், ஹி ரேன் அவே" காம்ப்ளெக்ஸ், "தி தீஃப் சா தி போலீஸ் அண்ட் அட் ஒன்ஸ் ஹி ரேன் அவே" காம்பவுண்ட். இதையே 'நோ சூனர்' கொண்டு எழுதினால் எழுவாய்க்கு முன் 'டிட்' ஏறும், இணையாக 'தன்' வரும்: "நோ சூனர் டிட் தி தீஃப் சீ தி போலீஸ் தன் ஹி ரேன் அவே." 'ஹார்ட்லி' என்றால் இணை 'வென்'.

'டூ … டு' தனிக் கவனம் கேட்கிறது. "தி டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க்" சிம்பிள். காம்ப்ளெக்ஸாக மாற்றினால் "தி டீ இஸ் ஸோ ஹாட் தட் வீ கேனாட் டிரிங்க் இட்." இரண்டு மாற்றங்களைப் பாருங்கள். முன்பு 'டூ' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்த மறுப்பு 'கேனாட்' என்று வெளியே வந்துவிட்டது. முன்பு தேவைப்படாத 'இட்' கடைசியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த 'இட்' விடுபடுவதால்தான்.

'ஹி கேம் ஹோம் அண்ட் ஸ்லெப்ட்' சிம்பிளா, காம்பவுண்டா? இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன.

இரண்டும் பொய் சொல்லவில்லை. 'ஸ்லெப்ட்' என்ற வினைக்குத் தனி எழுவாய் இல்லை, ஆகவே ஒரே எழுவாய்க்கு இரட்டைப் பயனிலை, சிம்பிள் என்பது அமெரிக்கக் கையேடுகளின் கணக்கு. 'ஹி' மறைந்து நிற்கிறது, ஆகவே காம்பவுண்ட் என்பது இன்னொரு கணக்கு. நம் பள்ளிகளில் இதுதான் செல்லுபடியாகிறது. தேர்வில் தகராறு வேண்டாமென்றால் மறைந்திருக்கும் எழுவாயை எழுதிவிடுங்கள்: "ஹி கேம் ஹோம், அண்ட் ஹி ஸ்லெப்ட்." யாராலும் அடிக்க முடியாது. மேலே திருடன் வாக்கியத்திலும் அதனால்தான் 'ஹி' சேர்த்தேன்.

'வாக்கிங் டவுன் தி ஸ்ட்ரீட், எ டாக் பிட் மி.' சிம்பிளாக மாற்றினேன். தப்பு என்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை.

தெருவில் நடந்தது யார்? உங்கள் வாக்கியப்படி நாய். 'ஐ.என்.ஜி.' ஃப்ரேஸுக்கு எழுவாய் இல்லாததால், அடுத்து வரும் முதன்மை கிளாஸின் எழுவாயையே அது தனக்கும் எடுத்துக்கொள்ளும். "தெருவில் நடந்து, நாய் என்னைக் கடித்தது" என்று தமிழில் எழுதமாட்டீர்கள், காது ஏற்காது. 'செய்து' வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் (செயலைச் செய்பவரின்) வினையைக் கொண்டே முடியும் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே வரையறுத்திருக்கிறது. 'ஞாயிறு பட்டு வந்தான்' (சூரியன் மறைய வந்தான்) போன்று மீறி வருபவற்றை 'பட' என்பதன் திரிபு என்று இலக்கணிகள் விளக்கம் சொல்லிச் சரிக்கட்டினார்கள்.

தமிழில் இருக்கும் அதே காதை இங்கே பயன்படுத்துங்கள். "வாக்கிங் டவுன் தி ஸ்ட்ரீட், ஐ வாஸ் பிட்டன் பை எ டாக்" என்றால் நடந்தவரும் கடிபட்டவரும் ஒருவரே. அல்லது காம்ப்ளெக்ஸாக விட்டுவிடுங்கள்: "வைல் ஐ வாஸ் வாக்கிங் டவுன் தி ஸ்ட்ரீட், எ டாக் பிட் மி."

ஒரு கமாவுக்காக இவ்வளவு சண்டையா? இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் கூடுதல் நேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைகளுக்குக் கூடுதல் ஊதியம் கிடையாது என்ற சட்டப்பட்டியலின் கடைசிப் பகுதி "ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்" என்றிருந்தது. 'ஆர்' முன்னால் கமா இல்லை. 'அனுப்புவதற்காகவோ வினியோகத்துக்காகவோ மூட்டை கட்டுவது' என்று ஒரே வேலையா, அல்லது 'மூட்டை கட்டுவது, வினியோகிப்பது' என்று இரண்டு வேலையா? ஓட்டுநர்கள் வினியோகம் செய்பவர்கள், மூட்டை கட்டுபவர்கள் அல்ல. பட்டியலில் மற்ற வேலைகள் எல்லாம் 'இங்' என்று முடிகின்றன, 'டிஸ்ட்ரிபியூஷன்' மட்டும் அப்படி முடியவில்லை. ஆகவே அது தனி வேலை அல்ல என்பதும் அவர்கள் வாதம். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பிறகு அந்தச் சட்டத்தில் கமாக்களை எடுத்துவிட்டு அரைப்புள்ளிகளை வைத்தார்கள். 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பதும் 'டிஸ்ட்ரிபியூட்டிங்' ஆயிற்று.

செய்தி, வினா, கட்டளை, வியப்பு என்று நான்கு வகையும் படித்தேன். 'குட் யூ க்ளோஸ் தி டோர்?' எதில் சேரும்?

உருவத்தில் வினா, வேலையில் வேண்டுகோள். இலக்கணக் கேள்வி என்றால் உருவத்தைப் பார்த்து 'இன்டராகடிவ்' என்று எழுதுங்கள். இந்த நான்கும் முன்பு சொன்ன மூன்று வகைகளும் வேறு வேறு பிரிவினைகள். ஒரே வாக்கியம் வினாவாகவும் காம்ப்ளெக்ஸாகவும் இருக்கலாம். "சிட் டவுன்" என்பதில் எழுவாயே இல்லையே என்று கேட்பார்கள். 'யூ' மறைந்து நிற்கிறது. அதுவும் முழு வாக்கியம்தான்.

அலுவலகக் கடிதத்தில் நான் எழுதும் ஒரு வாக்கியம் ஐந்து வரிக்குப் போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. பிறகு ஏன் மேலாளர் திருப்பி அனுப்புகிறார்?

இவர் கொண்டுவந்த கடிதத்திலிருந்து ஒரு வாக்கியம்: "வீ ஹாவ் செக்டு தி பில் அண்ட் தி அமவுண்ட் இஸ் நாட் கரெக்ட் சோ கைண்ட்லி சென்ட் எ நியூ பில் அண்ட் வீ வில் பே இட் திஸ் வீக் பிகாஸ் தி ஃபைனான்ஷியல் இயர் இஸ் எண்டிங்." முற்றுகள் ஐந்து: ஹாவ் செக்டு, இஸ், சென்ட், வில் பே, இஸ் எண்டிங். இணைப்புகள் நான்கு: அண்ட், சோ, அண்ட், பிகாஸ். கணக்கு அச்சுப் பிசகாமல் வருகிறது. சமமாக இணைப்பதும் துணை கிளாஸும் சேர்ந்திருப்பதால் இதற்குக் காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் என்று பெயர்கூட உண்டு. இலக்கணப் பிழை இல்லை.

சிக்கல் எங்கே என்றால், படிப்பவர் செய்ய வேண்டிய வேலை, புதிய பில் அனுப்புவது, நடுவில் புதைந்துகிடக்கிறது. எச்சங்களால் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் முக்கியமான முற்றை வைப்பது தமிழின் நடை. தமிழ் படிப்பவர் அந்த முற்றுக்காகக் காத்திருப்பார். ஆங்கிலக் கடிதம் படிப்பவர் முதல் வரியிலேயே தேடுவார். இவருக்கு நான் எழுதிக்கொடுத்தது மூன்று வாக்கியம்: "ப்ளீஸ் சென்ட் அஸ் எ நியூ பில். தி அமவுண்ட் இன் தி ஃபர்ஸ்ட் ஒன் இஸ் நாட் கரெக்ட். ஆஸ் தி ஃபைனான்ஷியல் இயர் இஸ் எண்டிங், வீ வில் பே திஸ் வீக் இஃப் தி பில் ரீச்சஸ் அஸ் பை வெட்னஸ்டே." புதன்கிழமை என்ற கெடு முதல் கடிதத்தில் இல்லவே இல்லை. பிரித்து எழுதும்போதுதான், அது விடுபட்டிருப்பது அவர் கண்ணில் பட்டது.